உள்ளங்கையளவு தோல் இல்லாத இரண்டு வாரங்கள்

சென்ற ஆண்டின் கடைசியில் ஒரு நாள் காலையில், கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கும்போது பிடி வழுக்கி, என் இடது முன்கையின் உட்புறத்தில் வெந்நீர் கொட்டிவிட்டது. உடனே கையைக் குழாயடியில் நீட்டி, ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் வைத்திருந்தேன். பனிக்கட்டி வைக்கக் கூடாது, கைக்குக் கிடைத்ததை எல்லாம் அள்ளிப் பூசக் கூடாது என்று எப்போதோ படித்தது நல்லவேளையாக அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. எரிச்சல் ஓரளவு அடங்கியது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளங்கையளவு இடம் முழுவதும் நீர் கோத்துக் கொப்புளமாக எழும்பி நின்றது. மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, "ஆழமாகப் போகவில்லை, இரண்டு வாரத்தில் ஆறிவிடும். கொப்புளத்தை மட்டும் நீங்களாக உடைத்துவிடாதீர்கள், அதைவிட நல்ல கட்டு எங்களிடமும் இல்லை" என்றார்.

மூன்றாம் நாள் தூக்கத்தில் அது தானாகவே உடைந்துவிட்டது. தளர்ந்து தொங்கிய படலத்தைச் செவிலியர் இடுக்கியால் பிடித்துக் கத்தரித்து, ஒரு காஸ் துணியின் மேல் வைத்தார். அவரிடம் கேட்டுக்கொண்டு அதைச் சற்று நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஈரத்தில் நனைந்த மெல்லிய தாளைப் போல ஒளி ஊடுருவும் ஒரு படலம். அதில் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய நுண்கோடுகள் அப்படியே பதிந்திருந்தன. மயிர் நின்ற இடங்கள் ஊசித்துளைகளாகத் தெரிந்தன. விரலால் தடவினால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு அது மெலிதாக இருந்தது. அது போன இடமோ செக்கச்செவேல் என்று, ஈரம் மினுமினுக்க, மின்விசிறிக் காற்று பட்டதற்கே சுரீரென்று எரிந்தது.

தோல் என்பது உடலைச் சுற்றி இருக்கும் உறை என்ற அளவில்தான் அதுவரை எனக்கு அதைப் பற்றிய எண்ணம் இருந்தது. அந்த மெல்லிய படலத்தையும் அதன் அடியில் இருந்த சிவந்த ஈரத்தையும் அருகருகே பார்த்த பிறகு, இவ்வளவு மெலிதான ஒன்று எவற்றையெல்லாம் தடுத்து நிறுத்தியிருந்தது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அடுத்த இரண்டு வாரங்களும் காயத்துக்குக் கட்டு மாற்றும் நேரமெல்லாம் பார்ப்பதும், மற்ற நேரத்தில் அதைப் பற்றிப் படிப்பதுமாகவே கழிந்தன.

வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் ஏறத்தாழ 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரை இருக்கும். கண்ணிமையில் அது அரை மில்லிமீட்டர் கனம்தான். குதிகாலிலும் உள்ளங்காலிலும் பல மடங்கு தடித்திருக்கும். மேல்தோல், அதற்குக் கீழே கனமான உள்தோல், அதற்கும் கீழே கொழுப்புப் படுகை என்று அது அடுக்கடுக்காக அமைந்துள்ளது. இவற்றில் மேல்தோல் உடலின் பெரும்பகுதியில் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனமே உடையது. சாதாரண எழுதுதாளின் கனம் அவ்வளவு. அந்த மேல்தோலிலும் உடலை வெளியுலகிலிருந்து உண்மையில் பிரித்து நிறுத்துவது அதன் உச்சியில் இருக்கும் கொம்புப் படலம் மட்டுமே. அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு முதல் இரண்டு பங்கு வரைதான் இருக்கும். அதற்குள் 15 முதல் 20 அடுக்குச் செல்கள் தட்டையாகப் படிந்திருக்கின்றன. அந்தச் செல்களில் ஒன்றுகூட உயிரோடு இல்லை என்பதுதான் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது.

மேல்தோலின் அடிவரிசையில் செல்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. பிறந்த செல் மேல்நோக்கி நகரத் தொடங்கும்போதே தன் உள்ளே கெரட்டின் என்னும் புரத இழைகளை நிரப்பிக்கொள்கிறது. நகமும் மயிரும் ஆகியிருப்பதும் அந்த வகைப் புரதத்தால்தான். நடுவழியில் கொழுப்புப் பொருள்களைச் சிறு பொதிகளாகக் கட்டி வைத்துக்கொள்கிறது. உச்சியை நெருங்கியதும் அந்தப் பொதிகளை வெளியே கொட்டிவிட்டு, தன் உட்கருவையும் மற்ற உறுப்புகளையும் தானே கரைத்து, தன் சுவரை இறுக்கிக் கெட்டியாக்கி, தட்டையான சில்லாக மாறி உயிரை விடுகிறது. அடிபட்டோ நோயுற்றோ சாவதில்லை. இப்படிச் செத்து மேலே வந்து படிவதற்காகவே பிறக்கிறது. பிறந்த இடத்திலிருந்து உதிரும் வரை ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும், வயது கூடக்கூட இன்னும் சில நாள்கள் கூடும். நான் இடுக்கியின் நுனியில் பார்த்த படலம் அப்படிப்பட்ட பல தலைமுறைச் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த மேல்தோல் முழுவதும்தான், ஏனெனில் வெந்நீர்க் கொப்புளம் மேல்தோலும் உள்தோலும் சேரும் எல்லையில்தான் பிரிகிறது.

இந்த அமைப்பை விளக்க ஆய்வாளர்கள் செங்கல் சுவரை உவமை சொல்வார்கள். செத்த செல்கள் செங்கற்கள். அவை கொட்டிய கொழுப்புகள் இடையிலுள்ள சாந்து. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்ற மூன்றும் சரியான அளவில் சேர்ந்த சாந்து அது. நீர் வெளியேற வேண்டுமானாலும், வெளியிலிருந்து ஏதாவது உள்ளே வர வேண்டுமானாலும், செங்கற்களைச் சுற்றிச் சுற்றி அந்தக் கொழுப்புச் சாந்துக்குள் வளைந்து வளைந்துதான் போயாக வேண்டும். மூலக்கூறின் எடையைச் சொல்லும் டால்டன் என்ற அலகில் 500-க்கு மேற்பட்ட எடையுள்ள மூலக்கூறுகள் நலமான தோலைக் கடப்பது அரிது என்பது மருந்தியலில் ஒரு பொதுக்கணக்கு. தோலில் ஒட்டும் பட்டைகளாகத் தரப்படும் மருந்துகள் எல்லாம் சிறிய, கொழுப்பில் கரையும் மூலக்கூறுகளாகவே இருப்பதற்கு அதுதான் காரணம். முகத்தில் பூசும் பசைகளில் "கொலாஜன் அடங்கியது" என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் இந்தக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது. கொலாஜன் என்னும் புரதத்தின் மூலக்கூறு இந்த வரம்பைப் போலப் பல நூறு மடங்கு பெரியது.

கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் முதலில் கண்ணில் பட்டது ஈரம். காலையில் கட்டிய காஸ் துணி மாலைக்குள் மஞ்சள் கலந்த நீரில் ஊறிப்போயிருந்தது. உள்ளங்கையளவு இடத்திலிருந்து இவ்வளவு நீர் எப்படி வருகிறது என்று வியந்தேன். நம் உடலில் பாதிக்கு மேல் நீர். சுற்றியுள்ள காற்றோ எப்போதும் உலர்ந்து அதை உறிஞ்சக் காத்திருப்பது. இடையில் நிற்கும் அந்த நூறில் ஒரு மில்லிமீட்டர் காரணமாகத்தான், வியர்வையைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், ஒரு நாளில் தோலின் வழியே நாம் இழக்கும் நீர் ஏறத்தாழ 300 முதல் 400 மில்லிலிட்டரோடு நின்றுவிடுகிறது. அந்தத் தடை போன இடத்தில் நீர் ஆவியாவது பல மடங்காகிறது. போதாததற்கு, வெப்பத்தால் புண்பட்ட நுண்குழாய்களிலிருந்து இரத்தத்தின் நீர்ப்பகுதியும் கசிந்துகொண்டே இருக்கிறது.

பெரிய தீக்காயம் பட்டவர்களுக்கு மருத்துவர்கள் போடும் கணக்கைப் பார்த்தபோதுதான் இதன் அளவு எனக்குப் புரிந்தது. விரல்களோடு சேர்ந்த கையின் உட்புறம் உடற்பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம் என்று வைத்துக் காயத்தின் பரப்பை மதிப்பிடுவார்கள். பிறகு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், வெந்த பரப்பின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 4 மில்லிலிட்டர் என்று பெருக்குவார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடலில் 30 சதவீதம் வெந்துபோயிருந்தால், 4 பெருக்கல் 60 பெருக்கல் 30 என்று 7,200 மில்லிலிட்டர் வருகிறது. ஏழு லிட்டருக்கும் மேற்பட்ட அந்த நீர்மத்தை முதல் 24 மணி நேரத்துக்குள் இரத்தக் குழாய் வழியாக ஏற்ற வேண்டும். அதில் பாதியைக் காயம் பட்ட நேரத்திலிருந்து எண்ணி 8 மணி நேரத்துக்குள்ளேயே ஏற்ற வேண்டும். இது தொடக்கக் கணக்குதான், சிறுநீர் போகும் அளவைப் பார்த்துக் கூட்டுவதும் குறைப்பதும் நடக்கும். இருந்தாலும் தாளின் கனம்கூட இல்லாத ஒன்று நாள் முழுவதும் ஓசையில்லாமல் செய்துவந்த வேலையை ஈடுகட்ட இவ்வளவு நீர் தேவைப்படுகிறது என்ற எண்ணம் என்னை விட்டு இன்னும் போகவில்லை.

நீரோடு சேர்ந்து வெப்பமும் போகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் தேவை. அது உடலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. தீக்காயப் பிரிவுகளில் அறையைச் சூடாக வைத்திருப்பது இதற்காகத்தான். இதே ஆவியாதலைத் தோல் தன் கட்டுப்பாட்டில் நடத்தும்போது அதுவே நம்மைக் காக்கிறது. 20 லட்சம் முதல் 40 லட்சம் வரையிலான வியர்வைச் சுரப்பிகள், தேவைப்படும் நேரத்தில் மட்டும், மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் நீரை வெளியே கொண்டுவந்து உடலைக் குளிர்விக்கின்றன. கடும் வெப்பத்தில் தோலுக்குள் பாயும் இரத்தம் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் வரை உயரும். குளிர்ந்தால் அந்தக் குழாய்களே சுருங்கி வெப்பத்தை உள்ளே நிறுத்திவிடும். ஆழமாக வெந்து, வேறிடத்துத் தோலை ஒட்டிப் பிழைத்தவர்களுக்கு அந்த ஒட்டுத்தோலில் வியர்வை சரியாகச் சுரப்பதில்லை. உடலின் பெரும்பகுதி அப்படியானவர்கள், காயம் ஆறிப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும், வெயிலிலும் கடும் உழைப்பிலும் உடல் கொதிப்பைத் தாங்க முடியாமல் தவிக்கிறார்கள். காயம் ஆறிவிட்டது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவர்களுக்கு மூடுதல் கிடைத்திருக்கிறதே தவிர, தோலின் எல்லா வேலையும் திரும்பவில்லை.

கட்டு மாற்ற வரும்போதெல்லாம் செவிலியர் காயத்தின் ஓரங்களை உற்றுப் பார்ப்பார்; சிவப்பு பரவியிருக்கிறதா, நாற்றம் இருக்கிறதா, காய்ச்சல் வந்ததா என்று கேட்பார். பெரிய தீக்காயத்தில் முதல் சில நாள்களைத் தாண்டியவர்களின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கிருமித் தொற்றுதான். என் கட்டில் ஊறிய நீர் கிருமிகளுக்கு நல்ல உணவு. நலமான தோலில் அவற்றுக்குக் கிடைப்பதோ உலர்ந்த, உப்புப் படிந்த, எந்நேரமும் உதிர்ந்துகொண்டே இருக்கும் தரை. வேரூன்ற முயலும் கிருமி தான் பற்றிக்கொண்ட சில்லோடு சேர்ந்தே கீழே விழுந்துவிடுகிறது.

அந்தத் தரை புளிப்பானதும்கூட. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) தோலின் மேற்பரப்பில் 4.5 முதல் 5.5 வரை இருக்கும். இரத்தத்தின் அளவு 7.4. இந்த அளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு என்பதால், இரத்தத்தைவிடத் தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ நூறு மடங்கிலிருந்து பல நூறு மடங்கு வரை கூடுதல் அமிலத்தன்மை உடையது. 1928ஆம் ஆண்டிலேயே ஷாடே, மார்ச்சியோனினி என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்கள் இதை "அமிலப் போர்வை" என்று பெயரிட்டு விளக்கினார்கள். நோய் தரும் பல கிருமிகளுக்கு இந்தப் புளிப்பு ஒத்துவருவதில்லை. தோலோடு வாழ்ந்து பழகிய பாக்டீரியாக்களுக்கு ஒத்துவருகிறது. அந்தப் பாக்டீரியாக்கள் தோலில் சுரக்கும் எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்கி, அந்தப் புளிப்பைத் தாங்களே கூட்டவும் செய்கின்றன. வியர்வையும் சும்மா இருப்பதில்லை. கிருமிகளைக் கொல்லும் டெர்ம்சிடின் என்னும் சிறு புரதம் வியர்வைச் சுரப்பிகளிலிருந்து இடைவிடாமல் வருகிறது என்பது 2001இல் கண்டறியப்பட்டது.

இங்கே ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். மரபான கட்டிச் சோப்புகளின் பி.எச். 9 முதல் 10 வரை. ஒரு முறை கழுவினால் தோல் தன் புளிப்பை மீட்டுக்கொள்ளச் சில மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. செராமைடு சாந்தைப் பக்குவப்படுத்தும் நொதிகளுக்கும் அந்தப் புளிப்பு வேண்டும் என்பதால், அது குறைந்த நேரத்தில் சுவர் கட்டும் வேலையும் தடைபடுகிறது. கைகளைக் கழுவுவது உயிர் காக்கும் பழக்கம், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் உடல் முழுவதையும் நாளுக்கு இரண்டு முறை சோப்பு நுரையால் மூடி, நார் கொண்டு சிவக்கச் சிவக்கத் தேய்த்து, "அழுக்கு உருண்டு வருகிறது" என்று மகிழ்வதை என்னால் இப்போது ஏற்க முடியவில்லை. உருண்டு வருவதில் பெரும்பங்கு, ஒரு மாதம் மேல்நோக்கி வந்து படிந்த அந்தச் செத்த செல்கள்தான். அழுக்கும் வியர்வையும் தங்கும் இடங்களில் மட்டும் மென்மையான சோப்பு, மற்ற இடங்களுக்கு வெதுவெதுப்பான நீர், துடைத்தவுடன் ஈரம் முழுதும் காய்வதற்குள் வாசனையில்லாத ஒரு களிம்பு என்ற வழக்கத்துக்கு நான் மாறிவிட்டேன்.

சுவரில் விரிசல் இருந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டிய ஆய்வு ஒன்று 2006இல் வந்தது. ஃபிலாக்ரின் என்னும் புரதம் செத்த செல்களைத் தட்டையாக்கி இறுக்குவதிலும், உடைந்த பின் தோலின் ஈரத்தையும் புளிப்பையும் காப்பதிலும் பங்கு கொள்கிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவில் பிறவிக் குறை உள்ளவர்களுக்குக் கரப்பான் நோய் (எக்ஸிமா) வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று அந்த ஆய்வு நிறுவியது. அதுவரை கரப்பானை நோய் எதிர்ப்பு மண்டலத்தின் மிகைச் செயலாகவே பெரும்பாலும் பார்த்துவந்தார்கள். வெளிச்சுவரின் ஓட்டையும் அதற்கு ஒரு தொடக்கமாக இருக்கலாம் என்ற பார்வை அதன் பிறகு வலுப்பெற்றது. உணவாக வயிற்றுக்குள் போகும்போது உடல் ஏற்றுக்கொள்ளும் ஒரு பொருள், வெடித்த தோலின் வழியே நுழையும்போது எதிரியாகப் பதிந்து, பின்னாளில் ஒவ்வாமையாக வெளிப்படலாம் என்ற கருத்தும் இதையொட்டி வளர்ந்துள்ளது. தோலில் வெடிப்பும் அரிப்புமாக அவதிப்படும் குழந்தைகளை "சொறியாதே" என்று அதட்டுவதோடு விட்டுவிடும் பெரியவர்களைப் பார்க்கும்போது, முதலில் அந்தச் சுவரை மெழுகிக்கொடுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

சுவரைத் தாண்டி நுழைபவற்றைப் பிடிக்கக் காவலும் உண்டு. 1868இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பவுல் லாங்கர்ஹான்ஸ், தோலின் மெல்லிய வெட்டுகளில் தங்க உப்பைச் சாயமாக ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, மேல்தோலுக்குள் கிளை கிளையாகக் கைகளை நீட்டிய செல்களைக் கண்டார். வடிவத்தைப் பார்த்து அவற்றை நரம்புச் செல்கள் என்று கருதினார். அவை நோய் எதிர்ப்புப் படையின் முன்னணிக் காவலர்கள் என்பது தெளிவாக ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. பக்கத்துச் செல்களின் இறுக்கமான இணைப்புகளைக் கலைக்காமலேயே தங்கள் கிளைகளை மேலே நீட்டி, அங்கே கிடைத்த அந்நியப் பொருளைப் பற்றி இழுத்துக்கொண்டு, நோய் எதிர்ப்புச் செல்கள் கூடும் நிணநீர்க் கணு வரை பயணம் செய்து அங்கே அடையாளம் காட்டுவது இவற்றின் வேலை.

இனி எரிச்சலைச் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் காயத்தின் மேல் காற்று பட்டாலே வலித்தது, மேல்தோலுக்குள் முடியும் நரம்பு நுனிகள் மூடுதலின்றித் திறந்து கிடந்ததால். "வலிக்கிறதா? நல்லது" என்று மருத்துவர் சொன்னதன் பொருள் பிறகுதான் விளங்கியது. ஆழமாக வெந்த இடத்தில் நரம்புகளும் அழிந்துவிடுவதால் அங்கே வலி இருக்காது; வலிக்காத தீக்காயம்தான் அஞ்சத்தக்கது. தோலில் சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் திறந்துகொண்டு எச்சரிக்கை அனுப்பும் உணர்வி ஒன்றை 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் அடையாளம் கண்டார்கள். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தட்டி எழுப்புவதும் அதே உணர்வியைத்தான். அவருக்கும், தொடுகையை உணரும் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் படாபூட்டியனுக்கும் 2021இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. நான் கையை உதறியது, வெந்நீர் என்று மனத்தில் பதிவதற்கு முன்பே நடந்த செயல். அந்தக் கணநேர விலகல் இல்லாமல் போயிருந்தால் என் காயம் எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று தெரியாது.

தொழுநோயில் இந்தக் காவல்தான் போய்விடுகிறது. விரல்களைத் தின்பது அந்த நோயின் பாக்டீரியாதான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். நரம்பு செத்துப்போன கையால் சுடும் பாத்திரத்தைப் பிடித்தும், செருப்புக்குள் கிடந்த கல்லின் மேல் நாள் முழுதும் நடந்தும், புண்ணானது தெரியாமலே அதைப் புரையோட விட்டும் விரல்கள் குறைகின்றன என்பதை அறுவை மருத்துவர் பால் பிராண்டின் பணி உலகுக்குப் புரியவைத்தது. நீண்டகால நீரிழிவால் பாதத்தில் உணர்வு மங்கியவர்களுக்கும் நடப்பது இதுதான். அவர்கள் இரவில் ஒரு முறை பாதத்தைத் திருப்பிக் கண்ணால் பார்ப்பது, போன வலியின் வேலையைக் கண் செய்வதாகும்.

ஏழாம் நாள் கட்டைப் பிரித்தபோது சிவப்புக்கு நடுவே ஆங்காங்கே முத்துப் போன்ற வெளிறிய புள்ளிகள் தெரிந்தன. சீழோ என்று பயந்து கேட்டேன். "புதுத் தோல்" என்றார் செவிலியர். மேல்தோல் முழுவதும் போன பிறகும், மயிர்க்கால்களும் வியர்வைக் குழாய்களும் உள்தோலுக்குள் ஆழமாக இறங்கி நிற்கின்றன. அவற்றின் சுவரில் எஞ்சிய செல்கள் பெருகி, மேலே ஏறி, காயத்தின் மேல் வட்ட வட்டமாகப் பரவி ஒன்றோடொன்று கைகோக்கின்றன. ஓரங்களிலிருந்து வருவதை மட்டும் நம்பியிருந்தால் இவ்வளவு விரைவில் மூடியிருக்காது. காயத்தைத் திறந்து வைத்துக் காற்றில் உலர்த்திப் பொருக்குக் கட்டவிட வேண்டும் என்று நான் எண்ணியிருந்ததும் தவறு. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் ஒரே அளவான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடியும் சிலவற்றைத் திறந்தும் வைத்துப் பார்த்தார். மூடி ஈரமாக வைத்த காயங்களில் புதிய மேல்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. பொருக்குக் கட்டினால் செல்கள் அதற்குக் கீழே வழிதேடிக் குடைந்து போக வேண்டியிருக்கிறது. ஈரத்தில் அவை நேராக நகர்ந்துவிடுகின்றன. கொப்புளத்தை உடைக்காதே என்று மருத்துவர் சொன்னதன் காரணம் இதற்குள்ளேயே இருக்கிறது.

பதினான்காம் நாள் கசிவு நின்று, மெல்லிய இளஞ்சிவப்புத் தோல் மூடிவிட்டது. ஆனால் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நிறம் தரும் செல்கள் மேல்தோலின் அடிவரிசையில் இருப்பவை. படலத்தோடு அவையும் போயிருந்தன. அந்த ஒவ்வொரு செல்லும் தன் கிளைகளால் சுற்றியுள்ள சுமார் 36 செல்களுக்கு மெலனின் என்னும் நிறப்பொருளின் துகள்களை ஊட்டுகிறது. வாங்கிய செல் அந்தத் துகள்களைத் தன் உட்கருவுக்கு மேலே, ஒளி வரும் திசையில், குடையைப் போலக் குவித்து வைத்துக்கொள்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர் மரபுப்பொருளில் அடுத்தடுத்துள்ள எழுத்துகளைப் பிணைத்துப் பிழையாக்கக்கூடியது என்பதால் குடை அங்கேதான் வேண்டும். கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். துகள்களின் அளவும் பெருக்கமும் பரவலுமே வேறுபடுகின்றன. எந்த நிறத்தைப் பழித்தாலும் பழிப்பது ஒரு குடையின் துணி கனமா மெலிதா என்பதைத்தான் என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. குடையைத் தாண்டி விழும் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடும் செல்லுக்குள் உண்டு. அந்த ஏற்பாடு பிறவியிலேயே பழுதானால், பகல் வெளிச்சத்தில் சாதாரணமாக நடமாடுவதே குழந்தைப் பருவத்தில் தோல் புற்றைக் கொண்டுவந்துவிடும். அதே கதிரின் ஒரு பகுதியைக் கொண்டுதான் தோல் வைட்டமின் டி-யையும் உண்டாக்குகிறது; ஆகவே கதிரை முழுதாக மறைத்துவிடவும் அதற்கு வழியில்லை.

என் கை ஆறிவந்த நாள்களில்தான் என் பாட்டிக்கு ஊசி போட்ட இடத்தில் ஒட்டியிருந்த நாடாவை நான் பிரித்தேன். மெதுவாகத்தான் இழுத்தேன்; இருந்தும் நாடாவோடு நகத்தளவு தோல் சுருண்டு வந்துவிட்டது. இளமையில் மேல்தோலும் உள்தோலும் சேரும் எல்லை அலை அலையாகப் பின்னிக் கிடக்கும். முதுமையில் அந்த அலைகள் தட்டையாகிவிடுவதால் பிடிப்புத் தளர்ந்து, ஒரு சின்ன இழுப்பே போதுமானதாகிவிடுகிறது. நாடாவை நிமிர்த்தி இழுக்காமல், தோலை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தோலோடு படுக்கையாகச் சுருட்டி எடுக்க வேண்டும் என்று பிறகு கற்றுக்கொண்டேன். முதியவரைப் பார்த்துக்கொள்ளும் எவரும் இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அந்தப் பிடிப்புக்குரிய புரதம் பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் இருக்கிறார்கள். உடை உரசினாலே அவர்களுக்குத் தோல் கொப்புளித்துக் கழன்றுவிடும். மேல்தோல் செல்களை உடலுக்கு வெளியே வளர்க்கும் முறையை 1975இல் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் கண்டிருந்தார்கள். அந்த வழியில் வந்த ஒரு சிகிச்சை 2017இல் வெளியானது. ஜெர்மனியில், உடலின் பெரும்பகுதித் தோலை இழந்து உயிருக்குப் போராடிய 7 வயதுச் சிறுவன் ஒருவனிடமிருந்து 4 சதுர சென்டிமீட்டர் தோலை எடுத்து, அதன் செல்களில் பழுதான மரபணுவின் சரியான பிரதியைச் சேர்த்து, விரிப்புகளாக வளர்த்து, உடலில் ஏறத்தாழ 80 சதவீதத்தை மூடினார்கள். அவன் பள்ளிக்குத் திரும்பிப் போனான் என்று படித்தபோது, என் கையிலிருந்த அந்த முத்துப் புள்ளிகளை நான் பார்த்த நாளைவிட அதிகமாக மகிழ்ந்தேன்.

இப்போது அந்த இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், ஓரம் நெடுகிலும் சற்றுக் கருமையான ஒரு கோடு. உள்ளே இன்னும் வெளிறிய தரை. அதன் நடுவே ஒவ்வொரு மயிர்க்காலையும் சுற்றிக் குண்டூசித் தலையளவு பழுப்பு வட்டங்கள். மயிர்க்காலின் அடியில் தப்பியிருந்த நிறச் செல்கள் மேலேறி வந்துகொண்டிருக்கின்றன. சென்ற மாதம் தனித்தனியாக இருந்த இரண்டு வட்டங்கள், மணிக்கட்டை ஒட்டிய பக்கத்தில், இப்போது ஒன்றையொன்று தொட்டிருக்கின்றன.